பழவேற்காட்டுக்கு முதலில் நான்கு அளவுகம்பங்கள்

பெருமதிப்பிற்குரிய திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுற்றுலா, வனம், மீன்வளம், தொல்லியல் துறைகளின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையிலிருந்து வார இறுதிகளில் பறவை பார்க்கவும் பழைய கட்டடங்கள் பார்க்கவும் பழவேற்காட்டுக்கு ஆட்களை அழைத்து வருகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. அந்த ஊரைச் சுற்றுலாத் தலமாக மேம்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் பூங்கா, அலங்கார வளைவு, படமெடுக்க எழுத்துப் பலகை என்று பட்டியல் நீள்கிறது. எங்கள் கோரிக்கை மிகச் சிறியது. முதலில் நான்கு அளவுகம்பங்களை நடுங்கள். படகுத்துறையில் ஒன்று, முகத்துவாரத்தின் உட்புறம் ஒன்று, லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தடியில் ஒன்று, மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரியில் ஒன்று. 5 செ.மீ.க்கு ஒரு கோடு, அரை மீட்டருக்கு ஒரு நிறம். காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கு ஒருமுறை அந்தந்தக் கரைக்காரர் ஒருவர் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஓராண்டு இப்படிக் குறித்தால் பழவேற்காட்டுக்கென்று ஓர் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல், கிடைத்துவிடும். படகு, நடை, பறவை, டச்சுக் கல்லறை எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கப் போவது அந்த அட்டவணைதான்.

சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணை ஆண்டுதோறும் அச்சாகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அது திறந்த கடலின் கணக்கு. ஏரிக்குள் தண்ணீர் குறுகிய முகத்துவாரம் வழியாக நுழைந்து, மணல்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் உள்ளே ஏற்றம் தாமதமாக வருகிறது, உயரமும் குறைகிறது. கோடையில் மணல் சேர்ந்து வாய் ஒடுங்கினால் தாமதம் இன்னும் கூடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வாயை அறுத்து அகலப்படுத்தினால் கணக்கு மறுபடி மாறும். ஒரே ஏரியில் அண்ணாமலைச்சேரிக்கு ஒரு நேரம், பாலத்தடிக்கு ஒரு நேரம். மீனவர்களுக்கு இது மனப்பாடம். வெளியூர்க்காரர் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வாரக் கணக்கில் நடக்கும் சுற்றுலா இங்கே ஏன் இடறுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் அது 6 மணி நேரத்தை நெருங்கிவிடும். இந்த ஞாயிறு காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால், வரும் ஞாயிறு அதே 9 மணிக்கு வற்றம். போன வாரம் வந்து மகிழ்ந்தவர் சொன்னதைக் கேட்டு இந்த வாரம் வருகிறவர் படகோடு சேற்றில் உட்காருவது இதனால்தான். இறங்கித் தள்ளும்போது சிப்பி ஓடு காலைக் கிழிக்கும்.

ஊரின் அமைப்பையும் ஒருமுறை நினைவூட்டுகிறோம். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்முனை மட்டும் தமிழ்நாட்டில். வடக்கே ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கழியும் என்று காட்டுப்பள்ளி வரை ஒடுங்கிக் கிடக்கிறது மற்றொரு மணல் தீவு. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள் அதன்மேல் வரிசையாக இருக்கின்றன. பாலம் வந்த பிறகு கார்கள் நேரே கடற்கரை வரை போகின்றன. போகிறவர்களில் பெரும்பாலோர் காலை 11 மணிக்கு வந்து 3 மணிக்குத் திரும்புகிறார்கள். ஒரு நாளில் இந்த ஊரைப் பார்க்கக் கூடாத நான்கு மணி நேரம் அதுதான்: வெயில் உச்சியில், கடல்காற்று வலுக்கிறது, பறவைகள் தொலைவில், கல்லறைக் கல்வெட்டு எழுத்துக்குப் படிக்க உதவும் நிழலே விழாது.

இனி படகு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகுக்குத் தடை வந்தது. தடை வந்தும் கரையில் "போட்ல போலாமா சார்?" என்ற குரல் ஓயவில்லை. தடைக்கும் கண்ஜாடைக்கும் நடுவே நடக்கும் சவாரியில் லைஃப் ஜாக்கெட்டைச் சோதிக்க ஆளில்லை, எத்தனை பேர் என்று எண்ண ஆளில்லை. ஒளிந்து ஓடும் படகுதான் மிகவும் ஆபத்தான படகு. ஆகவே தடையைத் தளர்த்தச் சொல்கிறோம். ஆனால் கீழே சொல்பவை எல்லாம் நடைமுறைக்கு வந்த பிறகே தளர்த்துங்கள்.

இங்கே ஓடுவது பெரும்பாலும் மீன்பிடிக்கும் ஃபைபர் படகு. அது வலைக்கும் மீனுக்கும் செய்யப்பட்டது. வலையும் மீனும் படகின் அடியில் படிந்து கிடக்கும். மனிதரின் எடையோ நெஞ்சளவில் இருக்கிறது, எழுந்து நின்றால் இன்னும் மேலே போகிறது. எட்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம் உள்ள படகு தண்ணீரில் 1 செ.மீ. இறங்க ஏறக்குறைய 90 கிலோ போதும். பத்துப் பேர் ஏறினால் 8 செ.மீ. இறங்கும். இருபத்தைந்து பேர் ஏறினால் 19 அல்லது 20 செ.மீ. அசையாத தண்ணீரில் அப்போதும் மிதக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பூநாரைக் கூட்டம் ஒன்று இடப்பக்கம் எழுந்து பறக்கட்டும். அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் எழுவார்கள். விளிம்பு தண்ணீரைத் தொடும். ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்தால் அதுவும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடும்.

எனவே ஒவ்வொரு படகுக்கும் சுமைக்கோடு வேண்டும். அதைக் காகிதத்தில் கணக்கிடத் தேவையில்லை, துறையிலேயே சோதித்துப் போடலாம். காற்றில்லாத காலையில் 50 கிலோ மணல் மூட்டை 15 எடுத்துப் படகில் சமமாகப் பரப்புங்கள். அது பயணிகள் 8 பேரும் படகோட்டிகள் 2 பேரும் சேர்ந்த எடை. தண்ணீர் எங்கே தொடுகிறதோ அங்கே இரு பக்கமும் சிவப்புக் கோடு அடியுங்கள். கோட்டுக்கு மேல் விளிம்பு வரை குறைந்தது 35 செ.மீ. இருக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் குறையுங்கள், ஆள் எண்ணிக்கையையும் அதற்கேற்பக் குறையுங்கள். பிறகு 15 மூட்டையையும் ஒரே பக்கம் நகர்த்துங்கள். சாய்ந்த பக்கத்தில் ஒரு சாண் விளிம்பாவது தண்ணீருக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத படகு சுற்றுலாவுக்கு ஆகாது, மீன்பிடிக்கப் போகட்டும். மூட்டை அடியில் கிடக்கும், மனிதர் உயரத்தில் உட்காருவர் என்பதால் சோதனையில் தேறிய படகிலும் எல்லோரும் அடித்தளப் பலகையில்தான் உட்கார வேண்டும். விளிம்பில் உட்காருவதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

கோடு போட்டுவிட்டால் மட்டும் நெரிசல் நிற்காது. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும்வரை பதினொன்றாவது ஆளையும் ஏற்றத்தான் மனம் வரும். படகுக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள். நான்கு பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் அதே தொகை. சீட்டு துறையில் இருக்கும் ஒரே கவுண்டரில். அடுத்தது, போட்டி. இரண்டு படகுக்காரர் ஒரே குடும்பத்தைக் கைப்பிடித்து இழுக்கும் இடத்தில் எந்த விதியும் நிற்காது. இதற்கு வழி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பாடு என்றொரு முறை இந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களின் தலைக்கட்டுகள், எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், யார் எந்த நாள் சுத்து வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். சுற்றுலாப் படகையும் அதே மாதிரி முறை வைத்து விடுங்கள். ஆனால் பாடு முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மீன்பிடிச் சமூகங்களும் இங்கே உண்டு. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்த ஏரியின் மூத்த அறிவாளிகள். புதிதாக எழுதும் பட்டியலில் அவர்கள் குடும்பங்களுக்கும் இடம் இருக்க வேண்டும். பழைய முறையின் நல்லதை எடுத்துக்கொண்டு அதன் குறையை விட்டுவிட இது ஒரு வாய்ப்பு.

சுற்றுலாப் படகு இன்ஜின் இல்லாமல், மூங்கில் கழி ஊன்றிப் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு, மார்பளவு ஆழம்தான். அந்த ஆழத்தில் விசிறி சுழன்றால் சேறு கலங்கும், கட்டியிருக்கும் வலை அறுபடும், பறவை எழும். கழியூன்றும் படகால் ஆழமான ஓட்டத்துக்குள் போகவே முடியாது. கழி தரை தொடாத இடம் வந்ததும் படகோட்டி திரும்பியாக வேண்டும். அதுவே இயற்கையாக அமைந்த எல்லைக்கோடு. மணிக்கு இரண்டு மூன்று கி.மீ. போனால் போதும், பார்க்க வந்தவருக்கு அந்த வேகம்தான் நல்லது. ஏற்றத்தின் உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு புறப்பட்டு, உச்சி தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும்.

முகத்துவாரப் பக்கம் எந்தச் சுற்றுலாப் படகும் போகக் கூடாது, எந்த நாளிலும். வற்றும்போது ஏரித் தண்ணீர் முழுக்க அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாய்கிறது. எதிரே கடலலை உள்ளே வருகிறது. நண்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடல்காற்றும் சேர்கிறது. ஓட்டத்தை எதிர்க்கும் அலை நீளம் குறுகி, செங்குத்தாகி, இருந்த இடத்திலேயே உடையும். கரையிலிருந்து பார்க்க அது ஒரு வெள்ளைக் கோடு மாதிரித்தான் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் கடுமை. கரையிலும் அதே ஆபத்து உண்டு: வாயை ஒட்டிய மணலில் முழங்கால் தண்ணீரில் நிற்பவரின் காலடி மணலை ஓட்டம் அரித்துக்கொண்டே போகும். வாயிலிருந்து இரு பக்கமும் குளிக்கத் தடை என்று தமிழிலும் தெலுங்கிலும் பலகை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறும் மிதவையுமாக இரண்டு ஆட்களை நிறுத்துங்கள்.

லைஃப் ஜாக்கெட் படகுக்குள் குவித்து வைக்கும் பொருளாக இருக்கக் கூடாது. சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே மாட்டி, வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் அது பெரிய அளவு. தண்ணீரில் கழன்று போகும். குழந்தைகளுக்குத் தொடையிடுக்கு வார் உள்ள தனி அளவு வேண்டும். உப்பும் வெயிலும் உள்ளிருக்கும் நுரையைக் கெடுத்துவிடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை ஒவ்வொன்றையும் எடை கட்டித் தண்ணீரில் போட்டுச் சோதித்து, தேறாததை வெட்டி எறியுங்கள். சும்மா ஒதுக்கி வைத்தால் நெரிசல் நாளில் அது திரும்பி வந்துவிடும். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே படகு நிற்க வேண்டும். கூண்டு இல்லாவிட்டாலும், ஏரியில் அலைக்கு வெள்ளை நுரை தலைகாட்டினால் அன்றைக்குச் சவாரி இல்லை.

பூநாரைக்காகத்தான் பலர் வருகிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பருவம். அவை தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் பாசியையும் தின்கின்றன. நாளின் பெரும்பொழுது அதற்கே போகிறது. ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் தின்றதைப் பறந்தே செலவழிக்கும். எத்தனை மீட்டர் என்று அளப்பதைவிட அவற்றின் கழுத்தைப் பார்ப்பது எளிது: தலை நீரில் இருந்தால் நிம்மதி, கழுத்துகள் நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், கூட்டமே ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் படகு உடனே பின்வாங்க வேண்டும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். வனத்துறை ஒவ்வொரு படகோட்டிக்கும் இந்த மூன்று அடையாளங்களைக் கற்றுக்கொடுத்தால் போதும். படகே வேண்டாதவருக்கு அண்ணாமலைச்சேரிக் கரையில் நிழலோடு ஒரு மேடையும், கால் ஊன்றிய இரண்டு தொலைநோக்கிகளும் வையுங்கள். கிழக்கே பார்க்கும் கரை அது, ஆகவே பிற்பகலில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

ஓதம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கடல் ஏறி இறங்குவதும் ஓதம், சுவரில் ஈரம் ஏறுவதும் ஓதம். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாகப் போனது. கோட்டை இன்று மேடும் புதருமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கல்லறைகள் நிற்கின்றன: இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய வாயில், குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்தும் பொறித்த பெரும் பலகைக் கற்கள், செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய மண்டபங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே எதையும் அழகுபடுத்தும் முன் இதை எண்ணிப் பாருங்கள். நிலத்தடியில் உப்பு நீர். செங்கல் அதை உறிஞ்சி மேலே இழுக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும்; ஈரம் அதன் வழியாக ஆவியாகி, உப்பு பூச்சின் மேல் பொரிந்து உதிரும். உதிர்வது பூச்சு, நிற்பது சுவர். அதே இடத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபட்டு, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்கும். சில ஆண்டில் சிமெண்டு ஓடு மட்டும் நிற்கும், உள்ளே மாவு. கல்லறையைச் சுற்றிப் பேவர் பிளாக் பதிப்பதும் அதே கேடுதான்: மண் வழியே ஆவியாக வேண்டிய ஈரத்தையெல்லாம் சுவர் பக்கம் தள்ளிவிடும். மண்ணாகவே விட்டு, மழைநீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவு கொடுத்தால் போதும்.

பழுது பார்ப்பதென்றால் நீற்றிய சுண்ணாம்பை ஒரு மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். பக்கத்திலேயே கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளினால் உப்பை நாமே உள்ளே வைக்கிறோம். பூச்சு ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஈரச் சணல் சாக்கு போர்த்தி மெல்லக் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். ஏற்கெனவே உப்பு பூத்த கல்லுக்கு நல்ல தண்ணீரில் குழைத்த காகிதக் கூழை அப்பி, உலர்ந்ததும் உரித்து எடுப்பதைப் பலமுறை செய்யலாம். ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடு நான்கு செங்கல்லும் வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகடித்து, ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைப்பதே முறை.

பார்க்க வருகிறவர்கள் எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியைத் தேய்க்கிறார்கள், எண்ணெய் கூடத் தடவுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் சாய்ந்து விழும் வெயிலில் ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். நடுப்பகலில் வர நேர்ந்தவருக்கு ஒரு முழ நீளக் கண்ணாடி போதும். அதைக் கல்லின் ஓரத்தில் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் பெயரும் ஆண்டும் படிக்க முடியும். காவலர் அறையில் அப்படி இரண்டு கண்ணாடி வைத்திருங்கள். விளக்கப் பலகையில் கோட்டை, துணி வணிகம் பற்றி எழுதும் கையோடு, இதே துறையிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் மக்களைப் பற்றியும் எழுதுங்கள். அவர்களுக்கு இங்கே கல்லறை இல்லை.

மற்றவை சுருக்கமாக. செம்புரைக் கல்லால் ஆன ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் குட்டி இராமாயணச் சிற்பங்கள், பள்ளிவாசலின் நிழல் கடிகாரம், மகிமை மாதா திருத்தலம் மூன்றையும் ஒரே காலை நடையில் பார்த்துவிடலாம். வழிபாட்டு நேரங்களை மட்டும் அந்தந்த நிர்வாகத்திடம் கேட்டு வரைபடத்தில் அச்சிடுங்கள். நிழல் கடிகாரத்துக்கு வெயில் வேண்டும் என்பதால் நடையை அங்கே முடிப்பது நல்லது. ஊர் முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளுக்குத் துறையருகே ஒரு கடை கொடுங்கள். கழிப்பறை, குடிநீர், கோரைக்குப்பம் வரை குப்பைத் தொட்டி ஆகியவை இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ஞாயிறுகளில் பொன்னேரி ரயில் நிலையத்திலிருந்து காலை 6 மணிக்கு ஒரு பேருந்து விட்டால் பாதிக் கார்கள் குறையும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் அந்த நேரத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

அளவுகம்பங்கள் அக்டோபருக்குள் நடப்பட்டால் வரும் பருவம் முழுக்கக் கணக்கு எழுதலாம். மணல் மூட்டைச் சோதனைக்கு ஒரு காலை போதும். அதற்குள்ளாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பொன்னேரிப் பேருந்து நிலையத்திலும் பழவேற்காட்டுத் துறையிலும் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் ஒருவர் சுண்ணக்கட்டியால் நான்கு வரி எழுத வேண்டும். இன்று ஏற்றம் எத்தனை மணிக்கு. வற்றம் எத்தனை மணிக்கு. கூண்டு உண்டா, இல்லையா. படகு உண்டா, இல்லையா.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் பறவை நோக்கர்களும் நடைவழிகாட்டிகளும்